பந்து பிடிபட்டது, பல் போனது

2022 டிசம்பர் 7 அன்று இலங்கையின் அம்பாந்தோட்டையில் லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட் ஆட்டம். காலி கிளாடியேட்டர்ஸ் அணியின் நுவனிது பெர்னாண்டோ, கார்லஸ் பிராத்வைட்டின் பந்தைத் தூக்கி அடித்தார். கண்டி பால்கன்ஸ் அணியின் சாமிக்க கருணாரத்ன பந்துக்குக் கீழே வந்து கைகளை நீட்டினார். பந்து கைக்குள் அடங்குவதற்கு முன் வாயில் மோதியது. அப்படியும் அவர் அதை விடவில்லை. பெர்னாண்டோ அவுட். கருணாரத்னவுக்கு நான்கு பற்கள் போயின. ரத்தம் வழியும் வாயுடன் மைதானத்தை விட்டு வெளியேறியவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

அந்தக் காட்சி உலகெங்கும் பரவியது. அவருடைய துணிச்சலுக்குப் பாராட்டுகள் குவிந்தன. விளையாட்டு உலகத்துக்கு இது பழகிய காட்சி. 2002 மே மாதம் ஆன்டிகுவா டெஸ்டில் மெர்வின் டில்லன் வீசிய பந்து அனில் கும்ப்ளேயின் தாடையை உடைத்தது. தாடையையும் தலையையும் சேர்த்துக் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர் 14 ஓவர் வீசினார்; பிரையன் லாராவை எல்பிடபிள்யூ முறையில் வெளியேற்றினார்; அதன் பிறகுதான் அறுவைச் சிகிச்சைக்காகப் பெங்களூருக்கு விமானம் ஏறினார். 2010-ல் ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்றில் கெட்டியான ரப்பர் வட்டு வாயில் மோதி ஏழு பற்களை இழந்த சிகாகோ பிளாக்ஹாக்ஸ் வீரர் டங்கன் கீத், அதே ஆட்டத்தில் மறுபடி களம் இறங்கினார். 1966-ல் இங்கிலாந்து கால்பந்து உலகக் கோப்பையை வென்ற நாளில், ஒரு கையில் கோப்பையும் இன்னொரு கையில் கழற்றிய பல்செட்டுமாக வெம்பிளி மைதானத்தில் குதித்தாடிய நாபி ஸ்டைல்ஸை ஆங்கிலேயர்கள் இன்றும் பாசத்தோடு நினைக்கிறார்கள்.

பல் போன பிறகும் ஆடியவருக்குக் கைதட்டல் உண்டு. வாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் கவசத்தை மாட்டிக்கொண்டு, பல் போகாமல் வீடு திரும்பியவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் கடந்த நூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், எந்த விளையாட்டில் பல் காயம் கணிசமாகக் குறைந்ததோ அங்கெல்லாம் அதைக் குறைத்தது அறிவுரை இல்லை, விதிப்புத்தகத்தில் ஏறிய ஒரு கட்டாயம்தான்.

எந்தப் பல், எப்படி உடைகிறது?

விளையாட்டில் அடி வாங்குவது பெரும்பாலும் மேல்வரிசையின் நடுவில் இருக்கும் முன்பற்கள் இரண்டும்தான். பல் எடுப்பாக இருக்கும் பிள்ளைகளுக்கும், உதடு முழுதாக மூடாதவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். கிரிக்கெட்டில் பந்து, கூடைப்பந்தில் பக்கத்து ஆளின் முழங்கை, கபடியில் எதிராளியின் தலையோ முட்டியோ, ஹாக்கியில் மட்டை, சைக்கிளிலும் ஸ்கேட்டிங்கிலும் தரை என்று ஆட்டத்துக்கு ஆட்டம் அடி வரும் வழி மாறும். அது போய்ச் சேரும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பல்லின் வெளியுறையான எனாமல், மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். கடினமாக இருப்பதால் அது வளைந்து கொடுக்காது. வேகமான அடி விழுந்தால் சில்லாகத் தெறிக்கும். எனாமலின் ஓரம் மட்டும் பெயர்ந்தால் கூர்மையைத் தேய்த்துச் சரிசெய்வதோடு வேலை முடிந்துவிடலாம். அதற்கு அடியில் இருக்கும் மஞ்சள் நிற டென்டின் வெளியே தெரிந்தால் காற்றுப் பட்டாலே கூசும். உடைந்த இடத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்தால், நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் பல்கூழ் திறந்துவிட்டது என்று பொருள்; அன்றைக்கே பல் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். உடைந்த துண்டைத் தூக்கி எறியக் கூடாது. பாலிலோ தண்ணீரிலோ போட்டுக் கொண்டுபோனால், பல நேரங்களில் அதே துண்டைப் பசையிட்டு ஒட்டிவிட முடியும். துண்டு கண்ணில் படவில்லை என்றால் கிழிந்த உதட்டுக்குள் புதைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் நெஞ்சுக்கும் எக்ஸ்ரே தேவைப்படும்.

சில அடிகளில் பல் உடையாது, நகரும். பின்பக்கம் சாயலாம், பாதி வெளியே தொங்கலாம், ஈறுக்குள் புதைந்து போகலாம். பார்வைக்கு ஒன்றுமே ஆகாதது போலவும் இருக்கலாம். லேசான ஆட்டம், கடித்தால் கொஞ்சம் வலி, இரண்டு நாளில் அதுவும் போய்விடும். மாதங்கள் கழித்து அந்தப் பல் மட்டும் சாம்பல் நிறமாக மாறும்போதுதான் உள்ளே ரத்த ஓட்டம் எப்போதோ அறுந்துவிட்டது தெரியவரும். வலி இல்லை என்பதற்காக அடிபட்ட பல்லை மருத்துவரிடம் காட்டாமல் விடக் கூடாது என்பது இதனால்தான்.

அடி பலமானால் தாடையும் முறியும். 1973 மார்ச்சில் குத்துச்சண்டை வளையத்தில் கென் நார்ட்டனுடன் மோதியபோது முகமது அலியின் தாடை முறிந்தது. 12 சுற்றும் நின்று ஆடி, புள்ளிக் கணக்கில் தோற்றார். கீழ்த்தாடையில் முழுதாக முளைக்காமல் எலும்புக்குள் சிக்கியிருக்கும் ஞானப்பல், தாடையின் கோணப் பகுதியைப் பலவீனமாக்கி அங்கே முறிவு ஏற்படும் வாய்ப்பைக் கூட்டுகிறது. குத்துச்சண்டை, ரக்பி போன்ற மோதல் ஆட்டங்களில் இறங்குபவர்கள் முன்கூட்டியே ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்வதில் பொருள் இருக்கிறது.

முதல் சில நிமிடங்கள்

எல்லாவற்றிலும் அவசரமானது, பல் வேரோடு கழன்று விழுவது. கழன்றது கழன்றதுதான் என்று பலர் அதைக் கைக்குட்டையில் மடித்துப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். சிலர் மைதானத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தப் பல்லைத் திரும்ப அதே குழியில் நட முடியும். அது நிலைக்குமா என்பதை மருத்துவமனையைவிட அதிகமாகத் தீர்மானிப்பது, அடிபட்ட இடத்தில் பக்கத்தில் நின்றவர்கள் முதல் சில நிமிடங்களில் என்ன செய்தார்கள் என்பதுதான்.

காரணம், பல் நிற்கும் விதத்தில் இருக்கிறது. சுவரில் அடித்த ஆணியைப் போல அது எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பல் கழலும்போது அந்தப் படலம் கிழிந்து, அதன் உயிரணுக்களில் ஒரு பகுதி வேரின் மேல் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்த உயிரணுக்கள் பிழைத்திருந்தால் நட்ட பல் மறுபடி பிடித்துக்கொள்ளும். காய்ந்து செத்துவிட்டால், பல் சில காலம் நிற்கும். ஆனால் எலும்பு வேரைத் தன் பாகமாக நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். வெளியே உலர்ந்த நிலையில் ஒரு மணி நேரம் கிடந்த பல்லின் வேரில் அந்த உயிரணுக்கள் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.

பல் காயங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-ல் புதுப்பித்த வழிகாட்டுதல் சொல்வது இது. முதலில், விழுந்தது பால்பல்லா நிரந்தரப் பல்லா என்று பார்க்க வேண்டும். பால்பல்லைத் திரும்ப நடவே கூடாது. அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்குக் கேடு. நிரந்தரப் பல் என்றால் அதன் வெண்மையான தலைப்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். வேரில் விரல் படக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, சலைனிலோ, அடிபட்டவரின் எச்சிலிலோ லேசாக அலசினால் போதும். தேய்ப்பது, சோப்பு போடுவது, துணியால் துடைப்பது எல்லாம் கூடாது. பிறகு முன்பக்கம் பின்பக்கம் சரிபார்த்து, பல்லை அதன் குழியிலேயே மெல்ல அழுத்தி வைத்து, மடித்த கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அப்படியே பல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

குழியில் வைக்கத் துணிவு வராவிட்டால்? அடுத்த வழி பால். பாலின் உப்புச் செறிவு உடம்பின் உயிரணுக்களுக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது; அமிலமும் அதிகம் இல்லை. வெறும் தண்ணீரில் போட்டால் உயிரணுக்கள் நீரை உறிஞ்சி வீங்கி வெடித்துவிடும். நம் ஊர் மைதானங்களுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு டீக்கடை இருக்கும். அங்கே காய்ச்சாத, குளிர்ந்த பாக்கெட் பாலை ஒரு தம்ளரில் வாங்கிப் பல்லை அதில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். சர்க்கரை போட்ட பாலோ, சூடான பாலோ, தயிரோ சரிப்படாது. பாலும் கிடைக்கவில்லை என்றால் அடிபட்டவரையே ஒரு கிண்ணத்தில் எச்சில் உமிழச் சொல்லி அதில் வைக்கலாம். எதுவுமே இல்லாவிட்டால்தான் தண்ணீர். அதுகூடக் காயவிடுவதைவிட மேல்.

இளநீர் இங்கே நுழைவது இயல்பு. சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், வேரிலுள்ள உயிரணுக்களைக் காப்பதில் இளநீர் பாலையும், அதற்கென்றே தயாரிக்கப்படும் ஹேங்க்ஸ் கரைசலையும்விட நன்றாகச் செயல்பட்டது. பிறகு பிரேசிலில் நடந்த ஆய்வு அவ்வளவு சாதகமாக இல்லை. இளநீரில் இயல்பாகவே உள்ள அமிலத்தன்மை ஒரு குறை என்று அது சுட்டியது. அதனால் பன்னாட்டு வழிகாட்டுதலின் பட்டியலில் இளநீர் இன்னும் ஏறவில்லை, முதலிடம் பாலுக்குத்தான்.

ஓர் எச்சரிக்கை. அடிபட்டவர் மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, பேச்சுக் குழறினாலோ பல்லைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. தலைக்காயத்துக்குத்தான் முதலிடம், 108-ஐ அழைக்க வேண்டும். பல்லைப் பாலில் போட்டு இன்னொருவர் எடுத்துக்கொண்டு பின்னால் வரலாம்.

மருத்துவர் பல்லைச் சரியாகப் பொருத்தி, மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு இரண்டு வாரம் பிணைத்து வைப்பார். வேர் முழுதாக வளர்ந்த பல் என்றால் அந்த இரண்டு வாரத்துக்குள் ரூட் கெனால் தொடங்குவார். டெட்டனஸ் ஊசி தேவையா என்றும் பார்க்கப்படும். அந்த நாட்களில் மென்மையான உணவு, மென்மையான பிரஷ், மோதல் ஆட்டங்களுக்கு விடுப்பு. அதன் பிறகும் மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று தொடங்கி ஐந்து ஆண்டுகள் வரை ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்கிறது வழிகாட்டுதல்.

பத்து வயதில் போன பல்

இந்தக் காயத்தின் முழு விலை பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம்தான் தெரியும். முப்பது வயதுக்காரருக்குப் பல் போனால் எலும்பில் திருகு வைத்து இம்பிளான்ட் பொருத்திவிடலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது முடியாது. தாடை வளர்ந்துகொண்டே இருக்கும்; இம்பிளான்ட் வளராது. சுற்றியுள்ள பற்கள் கீழே இறங்க இறங்க அது மட்டும் மேலே தங்கிவிடும். எனவே முகவளர்ச்சி முடியும்வரை, ஏறக்குறைய இருபது வயதுவரை, கழற்றி மாட்டும் தற்காலிகப் பல்லோடு பள்ளி, கல்லூரி எல்லாம் கடந்தாக வேண்டும். திரும்ப நட்ட பல் எலும்போடு ஒட்டிப்போனாலும் இதே சிக்கல்தான். பல் இல்லாத இடத்தில் எலும்பும் மெலிந்துகொண்டே வரும். பின்னால் இம்பிளான்ட் வைக்கும் காலத்தில் எலும்பை நிரப்பும் இன்னொரு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

மைதானத்தில் ஒரு நொடியில் நடந்தது, பதினைந்து ஆண்டு மருத்துவக் கணக்காக நீளும். செலவு ஒருபுறம். வகுப்புப் படத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கும் பிள்ளையின் சங்கடத்துக்கு ரசீது கிடையாது.

குத்துச்சண்டை வளையத்தில் பிறந்த கவசம்

பல்லைக் காக்கும் கருவியை முதலில் தேடியவர்கள் குத்துச்சண்டைக்காரர்கள். தொடக்கத்தில் பஞ்சையும் துணியையும் பற்களுக்கு நடுவே திணித்துக் கடித்துக்கொண்டு சண்டைக்குப் போனார்கள். 1890-களில் லண்டன் பல் மருத்துவர் உல்ஃப் கிராஸ், கட்டாபெர்ச்சா என்ற மரப்பிசினால் பட்டைகள் செய்து வீரர்களின் மேல்பற்களில் பொருத்தினார். அவர் மகன் பிலிப் கிராஸும் பல் மருத்துவர், அமெச்சூர் குத்துச்சண்டைக்காரரும்கூட. அவர் அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய ரப்பர் கவசமாக மேம்படுத்தினார். அதை வளையத்துக்குள் பிரபலமாக்கியவர், லண்டனிலிருந்து வந்து வெல்டர்வெயிட் உலகச் சாம்பியனான டெட் ‘கிட்’ லூயிஸ். நியாயமற்ற சாதகம் என்று எதிராளியின் தரப்பு ஆட்சேபித்த காலமும் இருந்தது.

மனம் மாற ஒரு தோல்வி தேவைப்பட்டது. 1927 மார்ச்சில் நியூயார்க்கில் ஜாக் ஷார்க்கியுடன் மோதிய மைக் மெக்டீக் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தார். சில்லுப் பெயர்ந்த அவருடைய சொந்தப் பல்லே வாயை உள்ளிருந்து கிழித்தது. ரத்தம் நிற்கவில்லை; சண்டை நிறுத்தப்பட்டது; வெற்றி ஷார்க்கிக்குப் போனது. அதன் பின் குத்துச்சண்டையில் மவுத் கார்டு எனப்படும் இந்த வாய்க்கவசம் வழக்கமாகி, கட்டாயமும் ஆனது. 1997 ஜூனில் மைக் டைசன் தன் எதிராளி ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தாரே, அந்த மூன்றாவது சுற்றுக்கு அவர் வாயில் கவசம் இல்லாமல்தான் வளையத்துக்குள் வந்தார். நடுவர் திருப்பி அனுப்பி மாட்டிவரச் செய்த பிறகே சுற்று தொடங்கியது. அமெச்சூர் குத்துச்சண்டையில் சிவப்பு நிறக் கவசத்துக்குத் தடை. ரத்தம் வந்தால் நடுவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். டேக்வாண்டோவில் வெள்ளையோ நிறமற்றதோதான் அனுமதி.

அடுத்த பெரிய மாற்றம் அமெரிக்கக் கால்பந்தில். ஹெல்மெட்டும் தோள்கவசமும் அணிந்து மோதும் அந்த ஆட்டத்தில் ஒரு காலத்தில் காயங்களில் பாதிக்கு மேல் பல், வாய்க் காயங்களாகவே இருந்தன என்று அங்குள்ள பல் மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். 1962-ல் உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்களுக்கும், 1973-ல் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கும் மவுத் கார்டு கட்டாயமானது. முகக்கம்பியும் கவசமும் சேர்ந்து வந்தபின் அந்த விகிதம் சரிந்தது.

விதிக்கும் பல்லுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு நியூசிலாந்து. ரக்பி அங்கே தேசிய விளையாட்டு. விபத்துக் காயங்களுக்கு அரசு அமைப்பே இழப்பீடு தருவதால், எந்த ஆட்டத்தில் எத்தனை பேர் பல்லுக்காகப் பணம் கேட்டார்கள் என்ற கணக்கு அரசிடமே இருக்கிறது. நியூசிலாந்து ரக்பி சங்கம் 1997-ல் இளையோருக்கும், 1998-ல் எல்லா நிலைகளுக்கும் ஆட்டத்தின்போது மவுத் கார்டைக் கட்டாயமாக்கியது. 1993-ல் 67 சதவீதமாக இருந்த பயன்பாடு 2003-ல் 93 சதவீதமானது. 1995-க்கும் 2003-க்கும் இடையில் ரக்பி பல் காயங்களுக்கான இழப்பீட்டு விண்ணப்பங்கள் 43 சதவீதம் குறைந்தன. அதே வேகம், அதே மோதல். புதிதாக வந்தது ஒரு விதி மட்டும்.

எதை வாங்குவது, எப்படிக் காப்பது?

மவுத் கார்டு செய்யும் வேலை எளிமையானது. ஒரே புள்ளியில் விழும் அடியின் விசையைப் பல பற்களுக்குப் பரப்புகிறது. உதட்டையும் கன்னத்தையும் பற்களின் கூர்மையிலிருந்து பிரிக்கிறது. கீழ்த்தாடை மேல்தாடையில் வந்து மோதும்போது நடுவில் மெத்தையாகிறது. பல ஆய்வுகளைத் திரட்டி 2007-ல் வெளியான மதிப்பீடு, கவசம் அணியாதவர்களுக்கு வாய்ப்பகுதிக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.6 முதல் 1.9 மடங்கு அதிகம் என்றது. மூளை அதிர்ச்சியையும் அது தடுக்குமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த முடிவு இல்லை. கவசம் இருக்கிறது என்ற தைரியத்தில் தலையைக் கொடுக்கக் கூடாது.

கடையில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, அப்படியே எடுத்து வாயில் போடுவது. எந்த வாய்க்கும் சரியாகப் பொருந்தாது. பல்லைக் கடித்தபடியே இருந்தால்தான் நிற்கும். மூச்சும் பேச்சும் தடைபடும். இன்னொன்று, வெந்நீரில் போட்டு இளக்கி, வாயில் வைத்துக் கடித்துத் தன் பல்வரிசைக்குப் படிய வைப்பது. சில நூறு ரூபாயில் கிடைக்கும். அளவாகக் கடித்தால் பரவாயில்லை. அழுத்திக் கடித்துவிட்டால் முன்பல்லை மூடும் இடத்தில் மெலிந்து, காக்க வேண்டிய இடத்திலேயே பயனற்றுப் போகும்.

மூன்றாவது வகைதான் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்வது. பல்வரிசையை அச்செடுத்து, பாரிஸ் சாந்தில் மாதிரி வார்த்து, அதன்மேல் ஈவிஏ என்ற மிருதுவான பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கிக் காற்றழுத்தத்தால் படியவைப்பார்கள். முன்பல்லின் வெளிப்பக்கம் 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன் இருப்பது நல்லது. விலை கூடுதல், ஆனால் வாயைத் திறந்தாலும் கழலாது, பேசலாம், தண்ணீர் குடிக்கலாம், மூச்சு தடைபடாது. பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் பிள்ளைகளுக்குத் தனி வடிவம் உண்டு. அவர்களுக்குக் கவசம் இரட்டிப்பு அவசியம். அடி விழுந்தால் கம்பியே உதட்டைக் கிழிக்கும்.

ஆடி முடித்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, காற்றோட்டம் உள்ள டப்பாவில் வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரிலோ பைக் பெட்டியிலோ விட்டால் நம் ஊர்ச் சூட்டுக்கு வடிவம் மாறிவிடும். ஓரத்தை மென்றுகொண்டே இருக்கும் பழக்கத்தால் கவசம் சீக்கிரம் கிழியும். கூடைப்பந்து நட்சத்திரம் ஸ்டீபன் கரி அப்படி மெல்வதற்குப் பெயர் போனவர். 2016 இறுதித் தொடரில் கோபத்தில் அதைக் கழற்றி வீசியதற்காக அவருக்கு 25,000 டாலர் அபராதமும் விழுந்தது. வளரும் பிள்ளைகளுக்குப் பல்வரிசை மாறிக்கொண்டே இருப்பதால் சீசனுக்கு ஒருமுறை புதிது பார்க்க வேண்டும். ஒருவருடையதை இன்னொருவர் போடக் கூடாது.

இந்தச் சிறிய பொருள் இப்போது கருவியாகவும் மாறிவிட்டது. தலையில் எவ்வளவு விசை விழுந்தது என்று அளக்கும் சென்சார் பொதித்த மவுத் கார்டை, உயர்நிலை ஆட்டங்களில் தலைக்காயப் பரிசோதனையின் ஒரு பகுதியாக 2024 ஜனவரி முதல் சேர்த்திருக்கிறது உலக ரக்பி அமைப்பு. அளவை மீறிய அடி பதிவானால் ஆட்டக்காரர் வெளியே வந்து சோதனைக்கு உட்பட வேண்டும்.

நம் மைதானங்கள்

கிரிக்கெட்டில் பல்லைக் காக்கும் பொறுப்பு ஹெல்மெட்டின் முகக்கம்பிக்கு. அதிலும் இடைவெளி ஒரு ஆபத்து. 2014-ல் இங்கிலாந்தின் கிரெய்க் கீஸ்வெட்டருக்கு ஹெல்மெட் விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவே பந்து புகுந்து மூக்கும் கண்குழி எலும்பும் உடைந்தன. அடுத்த ஆண்டே, 27 வயதில், அவர் ஓய்வு பெற்றார். அந்த இடைவெளி வழியே பந்து நுழைகிறதா என்று சோதிக்கும் 2013-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தரத்தை, சர்வதேச ஆட்டங்களில் ஹெல்மெட் அணிவோருக்கு 2017-ல் ஐசிசி கட்டாயமாக்கியது. தெருவிலும் பள்ளி மைதானத்திலும் நிலைமை வேறு. டென்னிஸ் பந்தில் பழகிய பையன்கள் ஒருநாள் கார்க் பந்துக்கு மாறுகிறார்கள்; ஹெல்மெட் மட்டும் கூடவே வருவதில்லை. கம்பியை மேலே வளைத்துவிட்ட பழைய ஹெல்மெட்டைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் போடுவதும் சகஜம்.

ஹாக்கியில் பன்னாட்டு விதிப்புத்தகம் களத்தில் ஆடுவோருக்கு வாய்க்கவசத்தைப் பரிந்துரைக்கிறது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. பெனால்டி கார்னரைத் தடுக்கும்போது முகமூடி அணிய அனுமதியும் உண்டு. கோவில்பட்டி போல ஹாக்கி ஊறிய ஊர்களில் சின்ன வயதிலேயே மட்டை பிடிக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே கவசம் கட்டுவது தன்னியல்பாக வருகிறது. வாய்க்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

கபடியின் கதை இன்னும் சிக்கலானது. பிடிப்பவரும் பாடி வருபவரும் தலையோடு தலை மோதும் ஆட்டம்; ஆனாலும் வாயில் கவசத்தோடு களம் இறங்குபவர்கள் அரிது. பாடி வருபவர் மூச்சு விடாமல், நடுவர் காதில் விழும்படி ‘கபடி கபடி’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பொருந்தாத கவசத்தோடு அது நடக்காது. பாட்டு விட்டால் ரெய்டே போய்விடும். பயிற்சியாளர்கள் தயங்குவதில் நியாயம் உண்டு. ஆனால் அளவெடுத்துச் செய்த கவசத்தோடு பேச முடியும். ஓரிரு வாரப் பயிற்சியில் நாக்கு பழகிவிடும். பிடிக்கும் பக்கத்தில் நிற்கும் ஏழு பேருக்கு அந்தத் தடையும் இல்லை.

இதற்குத் தனி அமைப்பு ஏதும் தொடங்க வேண்டியதில்லை. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் கல்லூரிகள் பல மாவட்டங்களில். பள்ளி முகாம்களுக்கு வரும் அவர்களுடைய மாணவர்கள் சொத்தைப் பல்லை எண்ணுவதோடு, கபடி, ஹாக்கி, கூடைப்பந்து அணிகளுக்கு அச்செடுத்துக் கொடுத்தால், ஒரு பள்ளியின் அணி முழுவதற்கும் ஒரே நாளில் அளவெடுத்து முடித்துவிடலாம். மாவட்ட அளவிலான பள்ளிப் போட்டிகளின் விதியில் ஒரு வரி சேர்ந்தால் மீதியைப் பெற்றோரும் பி.டி. மாஸ்டர்களும் பார்த்துக்கொள்வார்கள். நியூசிலாந்திலும் விதி முதலில் இளையோர் ஆட்டங்களுக்குத்தான் வந்தது. பெரியவர்களுக்கு அடுத்த ஆண்டு.

அதுவரை ஒவ்வொரு அணியும் தன் முதலுதவிப் பெட்டியில் சேர்க்கக்கூடியவை உண்டு: மூடியுள்ள ஒரு சிறு டப்பா, சுத்தமான துணி, சலைன் பாட்டில், ஞாயிற்றுக்கிழமையும் போன் எடுக்கும் பல் மருத்துவர் ஒருவரின் எண். பல் காயச் சங்கம் வெளியிட்டிருக்கும் ‘டூத் எஸ்ஓஎஸ்’ என்ற இலவசச் செயலியை மாஸ்டரின் போனில் ஏற்றி வைத்தால், பதற்றத்தில் அடுத்து என்ன செய்வது என்று படிப்படியாகப் பார்த்துக்கொள்ளலாம். பால் பாக்கெட்டை மட்டும் ஆட்டநாளன்று வாங்கி, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். ஆட்டம் முடிந்தால் அதில் டீ போட்டுக் குடிக்கலாம்.